குறுக்கே பேசாதவர்

சர்ச் ஊழியப் பயிற்சி வகுப்பில், ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிக்கு ஆறுதல் சொன்னவர், தான் செய்ததை எல்லார் முன்னும் அலசிப் பார்க்க வேண்டும். அன்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் முறை. 'நோயாளியைப் பேசவே விடுவதில்லை' என்று அவர் மேல் ஏற்கெனவே ஒரு புகார். இன்னொன்று வந்தால் வீட்டுக்குத்தான்.

"நேத்து நீங்க பார்த்த அம்மா போன் பண்ணாங்க" என்றார் பாதிரியார்.

"தொலைஞ்சேன், ஃபாதர்!"

"இனிமே உங்களைத்தான் அனுப்பணுமாம். குறுக்கே ஒரு வார்த்தை பேசாம கேட்டீங்களாமே! அப்படி என்னதான் சொன்னாங்க?"

வாத்தியார் நெளிந்தார்.

"தெரியாது ஃபாதர். காது மிஷின்ல பேட்டரி தீர்ந்துபோச்சு. சொல்ல வெட்கமா இருந்துச்சு. கையைப் பிடிச்சுக்கிட்டுத் தலையாட்டினேன்."

வகுப்பே சிரித்தது. பாதிரியாருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"சரி, அடுத்த தடவை எதை மாத்துவீங்க?"

"பேட்டரியை மாத்துவேன் ஃபாதர். வாயை மட்டும் மூடியே வெச்சுக்குவேன்."