தொட்டும் நிற்கவில்லை

ஆண்டோவர் சபைக்குப் புதிதாக வந்திருந்த போதகர் நதானியேல், விதவை ஹெப்சிபாவிடம் தயங்கியபடியே விஷயத்தைச் சொன்னார்.

"அந்தப் பழைய சூனிய வழக்குல, பேய் பிடிச்ச மாதிரி துள்ளின பொண்ணுங்கள்ல ஒருத்தி, டாம்சின்னு பேரு. சபையில சேரணும்னு மூப்பர்கிட்ட கேட்டிருக்கா. அவங்களாலதான் சிறைக்குப் போனீங்க நீங்க. வேண்டாம்னா சேர்க்க மாட்டோம்மா."

மூலையில் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்த மகளின் கை நின்றது.

ஹெப்சிபா சிரித்தாள். "அது பெரிய கூத்து, போதகரே. சூனியக்காரி கை பட்டா, துள்றவ அடங்கிடுவாளாம். என் கண்ணைக் கட்டி, அந்தப் பொண்ணுங்களை ஒவ்வொருத்தியா தொடச் சொன்னாங்க. தொட்டதும் எல்லாரும் கல்லாட்டம் நின்னாங்க. கடைசியா ஒரு சின்னப் பொண்ணு மட்டும் நிக்கல. 'மறுபடி தொடு'ன்னு நீதிபதி கத்தினாரு. அவ இன்னும் வேகமா ஆடினா. அவங்கப்பா அடிச்சும் நிக்கலையே!"

"அப்புறம்?"

"அவளும் சூனியக்காரின்னு என் கூடவே சங்கிலி போட்டுட்டாங்க. அந்தக் குளிர்ல போர்வை முழுசையும் இழுத்துக்குவா, கழுதை."

"பொய் சொல்லாதீங்கம்மா. நீங்கதான் இழுப்பீங்க" என்றாள் மகள்.

போதகர் திகைத்துத் திரும்பினார்.

"நான் பெத்தது ஒண்ணும் இல்ல, போதகரே. சிறையிலேர்ந்து கூட்டிட்டு வந்தது இவளைத்தான். வர்ற ஞாயித்துக்கிழமை என் பக்கத்துலயே இவளுக்கு இடம் போடுங்க."

டாம்சின் போதகருக்கு மோர் கொண்டுவந்தாள். குவளை பிடித்த கை நடுங்கியது. ஹெப்சிபா அந்தக் கையைத் தொட்டாள்.

நடுக்கம் நின்றது.