சாக்கும் பட்டும்

"பதினஞ்சு ஜெர்சி, லோர்னா! குப்பைத் தொட்டியில போடச் சொன்னது உன் கார் டிக்கியில எப்படி வந்துச்சு? இதுக்குப் பேரு திருட்டு."

கல்லூரி விளையாட்டுத் துறைத் தலைவர் ஹால்வர்சனுக்கு மூச்சு வாங்கியது. கூடைப்பந்து அணியின் உடைகளைத் துவைத்து, தைத்து, மடித்துத் தரும் லோர்னா அசையவில்லை.

"போன வருஷம் வாங்கினது, தலைவரே. இன்னும் நாலு வருஷம் உழைக்கும். ஏன் எறியணும்?"

"பூமியைக் காப்பாத்தத்தான்! சனிக்கிழமை பசுமை ஆட்டம். பழைய பாட்டிலை உருக்கி நெய்த புது ஜெர்சி பிளேன்ல வருது."

"பிளேன்லயா?"

"அவசரம்ல!"

லோர்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதுதான் ஹால்வர்சனுக்குச் சுருக்கென்றது.

"தொட்டியில போடு, என் கண்ணு முன்னாலயே. திங்கட்கிழமையிலேர்ந்து நீ வேலைக்கு வரவேணாம்."

லோர்னா பதினைந்தையும் தொட்டியில் போட்டார்.

சனிக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. 'பூமியைக் காப்போம்' என்று அச்சடித்த டிஷர்ட்டுகள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையில், கூட்டத்துக்குள் பறந்தன. வீரர்கள் மார்பில் பச்சை இலை பதித்த ஜெர்சியோடு ஓடி வந்தார்கள்.

இடைவேளையில் ஹால்வர்சன் மைக்கைப் பிடித்தார். கேப்டன் டரெலை இழுத்து நிறுத்தி, ஜெர்சியைத் தடவினார்.

"பழசு சாக்கு மாதிரி உறுத்தும். இதைத் தொட்டுப் பாருங்க, பட்டு! அத்தனையும் பாட்டில்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பாட்டிலையெல்லாம் தானே பொறுக்கியது போன்ற பெருமிதம் அவருக்கு.

கீழே இறங்கும்போது டரெல் கிசுகிசுத்தான். "சார், விலாப் பக்கம் தையலைப் பாருங்க."

"என்னப்பா அது?"

"போன மாசம் கிழிஞ்சது. லோர்னா தைச்சுக் குடுத்தாங்க."

ஹால்வர்சன் பெஞ்சுக்குப் பின்னால் துண்டு மடித்துக்கொண்டிருந்த லோர்னாவிடம் ஓடினார்.

"புதுசு எங்கே?"

"சிகாகோவுல. பனிப்புயலாம், பிளேன் கிளம்பல. உங்களுக்கும் மெயில் வந்துச்சே, பாக்கலையா? பசங்க வெறும் உடம்போடயா ஆடுவாங்க? தொட்டியிலேர்ந்து எடுத்துத் துவைச்சேன்."

"அந்த இலை?"

"நீங்க எறிஞ்ச போன வருஷப் பசுமை ஆட்டத்துத் துணிப் பேனர்ல வெட்டினது."

லோர்னா அடுத்த துண்டை எடுத்து உதறினார்.

"திங்கட்கிழமை புதுசு வந்துடும், தலைவரே. எது சாக்கு, எது பட்டுன்னு பிரிச்சுச் சொல்ல நான் வரணுமா, வேணாமா?"