பூப்போட்ட பக்கம்

செல்லோடேப்பைப் பல்லால் கடித்தாள். நேற்றுக் கிழிந்த உதடு மறுபடியும் கிழிந்தது.

டேப்பில் ரத்தம். அந்தத் துண்டைக் கசக்கி எறிந்துவிட்டு இன்னொன்றைக் கடித்தாள்.

சுவரில் காரை பெயர்ந்த இடத்தைக் கையால் அளந்தாள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. உள்ளே செங்கல் தெரிந்தது.

"எவ்ளோ பெருசும்மா?" என்றாள் மிருது. மகள். ஐந்து வயது.

"முழுத் தாளே வேணும் கண்ணு."

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, சிவப்பில் தோய்த்து, தாளில் ஒரு குத்து. பூ. இன்னொரு குத்து. இன்னொரு பூ. குத்துவதில் பிள்ளை அப்பனைக் கொண்டிருந்தது.

காய வைத்து ஒட்டினார்கள். செங்கல் போனது. தோட்டம் வந்தது.

இந்த வீட்டில் அழகு பார்த்துப் படம் மாட்டுவதில்லை. அப்பா இடம் போட்டுக் கொடுப்பார். மறுநாள் காலையில் மகள் படம் போடுவாள்.

ஊதா யானைக்குப் பின்னால் மிக்ஸி மூடி பட்ட இடம். மீனுக்குப் பின்னால் முக்காலி.

உள்ளங்கை அச்சில் செய்த மயிலுக்குப் பின்னால், அவள் தலை.

அடிப்பதற்கு முன் கணவன் வாட்சைக் கழற்றி டிவி மேல் வைத்துவிடுவான். கல்யாணத்தில் மாமனார் போட்டது. கண்ணாடி கீறிவிடக் கூடாது. பொருளின் அருமை தெரிந்தவன்.

வாட்ச் டிவி மேல் ஏறியதும் மிருது உள்ளே ஓடிப்போய்த் தாள் எடுத்து வைத்துக்கொள்வாள்.

காலிங்பெல் அடித்தது.

அண்ணன். ஈரோட்டிலிருந்து, தாய்மாமன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோடு.

"வாங்க மச்சான், வாங்க!" கணவனின் குரலில் சர்க்கரைப் பாகு. "உக்காந்து பேசிட்டிருங்க. சுடச்சுடப் பூரி வாங்கிட்டு வந்தர்றேன்."

பைக் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

அண்ணன் சுவரைப் பார்த்தான். அண்ணாந்து பார்த்தான்.

"அடேயப்பா, கண்காட்சியாட்ட இருக்குது!"

அவள் சிரித்தாள். உதடு வலித்தது. பிறந்த வீட்டில், தன் அப்பாவின் துணிக்கடையில் அவள் கற்ற முதல் பாடம் அதுதான். டேமேஜை மறைக்காதே, பூப்போட்ட பக்கத்தைக் காட்டு. மிச்சத்தை வாங்குகிறவன் கண்ணே மறைத்துக்கொள்ளும்.

"ஏனம்மிணி, இந்த வெக்கையில முழுக்கை போட்டிருக்கறே?"

"ஏசி பஸ்ல வந்தவங்களுக்கு எல்லாமே வெக்கைதான்."

"உதட்டுல என்ன?"

"பல்லு பட்டிருச்சு."

அது பொய்யில்லை.

அழுதுகொண்டே ஒரு தடவை அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறாள். கடைக் கல்லாவுக்கு மேலே தொங்கும் பலகையை அவர் அப்படியே படித்தார். விற்ற சரக்கு வாபஸ் இல்லை.

அண்ணனிடம் இதுவரை வாய் திறந்ததில்லை. அப்பா கேட்டும் கைவிட்டார். இவன் பார்த்துவிட்டும் விட்டுப் போனால்? அதற்கு இவன் பார்க்காமலே போகட்டும்.

மிருது ஒரு தாளோடு வந்தாள். பஸ். ஜன்னல் நிறையத் தலைகள்.

"மாமா வந்த பஸ்."

"அட, என்ர தங்கமே! செவுத்துல ஒட்டு, மாமா பாக்கறேன்."

"இடமில்ல மாமா."

"ஏன், அந்தப் பக்கம் பூராவும் வெறுஞ்செவுருதானே?"

மிருது மாமாவைப் பார்த்தாள். ஒன்றும் தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை.

"அங்க இன்னும் உடையல."



குழந்தைக்கு ஏதோ ஞாபகம் வந்தது. முகம் மலர்ந்தது. அம்மாவிடம் போய், முழுக்கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். அவள் கையை இழுத்துக்கொள்வதற்குள் பஸ்ஸை அங்கே வைத்து அழுத்திவிட்டாள்.

தாள் சின்னது. பஸ்ஸைச் சுற்றி ஊதாவும் மஞ்சளும் வழிந்தன. அது மிருது பூசிய வண்ணம் இல்லை.

அண்ணன் எழுந்தான்.

எந்தத் துணியையும் திருப்பிப் பார்க்காமல் விலை கேட்காதவன் அவன். கொள்முதலில் அவனை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை என்று ஜவுளிச் சந்தையில் பேச்சு.

யானையின் ஓரத்தைத் தூக்கினான். காரைத் தூள் உதிர்ந்தது.

மீனைத் தூக்கினான்.

மயிலைத் தூக்கினான். அங்கே கொஞ்ச நேரம் நின்றான். பெயர்ந்த விளிம்பில் ஒரு நீள முடி சிக்கியிருந்தது. அதை இரண்டு விரலால் எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பிறகு மயிலை அப்படியே திரும்ப ஒட்டினான். ஓரங்களைக் கட்டைவிரலால் நீவிவிட்டான். சுருக்கமில்லாமல். கடையில் பீஸை மடித்து அலமாரியில் திரும்ப வைப்பதுபோல.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பார்த்தாயிற்று. மடித்து வைத்தாயிற்று.

கீழே பைக் வந்து நின்றது. படியில் விசில் சத்தம்.

"பூரி ரெடி மச்சான்! கெழங்கு கேட்டு வாங்கிட்டு வந்தனுங்க."

"கதவைச் சாத்திட்டு வாங்க மாப்ளே," என்றான் அண்ணன். குரலில் ஒன்றுமே இல்லை. "அம்மிணி, நீ பொட்டியக் கட்டு."

அவள் கண்ணைத் திறந்தாள்.

அண்ணன் வாட்சைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிதானமாக. டிவி மேல் வைத்தான்.

மிருது அதைப் பார்த்தாள்.

தாள் எடுக்க உள்ளே ஓடினாள். பெரிய தாளாக.