ஆளுக்கொரு துண்டு

பரீட்சைக்கான கண்காட்சி நாள். மெல்பர்ன் ஓவியக் கல்லூரியில், மரப்பட்டைத் துணியில் சேலா வரைந்து மாட்டியிருந்த ஓவியத்தைச் சுவரில் காணோம்.

"திருடிட்டாங்கம்மா! அதுக்குத்தான் மார்க்கே!"

டோங்காவிலிருந்து வந்திருந்த அம்மா கத்திரிக்கோலைப் பைக்குள் போட்டார்.

"யாருடி திருடினது? விசேஷத்துக்கு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பறதா? நம்ம வழக்கப்படி வெட்டி, ஆளுக்கொரு துண்டு இடுப்புல கட்டிவிட்டேன்."

சேலா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கதவு திறந்தது. கல்லூரி முதல்வர் இடுப்புத் துண்டோடு வந்தார்.

"படைப்புன்னா இதுதாம்மா! முழு மார்க்!"

சேலாவுக்கு உயிர் வந்தது. பிறகு அவர் இடுப்பைப் பார்த்தாள்.

"அம்மா, இது என் துணி இல்லையே?"

"உன்னது பத்தலைடி. பக்கத்துச் சுவர்ல தொங்கின படத்தையும் வெட்டினேன்."

முதல்வர் மெல்லக் குனிந்து, துண்டின் ஓரத்தில் இருந்த தன் கையெழுத்தைப் படித்தார்.