இறங்க மாட்டேன்

"இறங்குங்கோ அப்பா! பொலிஸ் கிட்ட வர முதல் இறங்கி, கார்டைக் கையில பிடிச்சுக்கொண்டு நடந்து போங்கோ!"

மனைவி சற்குணத்தின் குரல் காருக்குள் கீச்சிட்டது. பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. வெஸ்ட்கேட் தாண்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஜெயரட்ணம் காரை ஓரங்கட்டினார்.

டிக்கியில் அவருடைய முயல் சுடுகிற துவக்கு இருந்தது.

அவரும் நண்பர் பிரதாபனும் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில் கோவாவும் பீற்றூட்டும் முயல்களுக்காகவே விளைந்துகொண்டிருந்தன. அதற்காகப் பதினாலு மாதம் அலைந்து எடுத்த லைசென்ஸ். பரீட்சை வைத்தார்கள். வீட்டுக்கு வந்து இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார்கள். சற்குணத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கள் கணவர் கோபக்காரரா?" என்றுகூடக் கேட்டார்கள். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்லை" என்றாள்.

துவக்கோடு அவர் வீட்டைவிட்டு வெளிக்கிட்ட முதல் நாள் இது. இந்த வீதியோரத்தில் ஒரு பிழை விட்டால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனால் தோட்டமும் போய்விடும்.

"நான் ஏன் இறங்கவேணும்?"

"ஊரில, தாண்டிக்குளம் சோதனைச்சாவடியில இறங்கித்தானே நடந்தனாங்கள்? இறங்காட்டி ஆமிக்காரன் விட்டவனோ?"

அந்தப் பெயர் அவருடைய காதில் நெருப்புத் துண்டாக விழுந்தது. உச்சி வெயிலில் பொதியைத் தலையில் வைத்து, அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஆமிக்காரன் விரலை அசைத்த பக்கமெல்லாம் நடந்த நடை அது.

"அங்க நடந்தது காணும். இஞ்ச நான் இறங்க மாட்டன். தேவையெண்டா பொலிஸ் வரட்டும் என்னட்ட."

"அப்ப என்ஜினையாவது நிப்பாட்டாதேங்கோ. திரும்ப ஸ்டார்ட் வராட்டி என்ன செய்யிறது?"

ஜெயரட்ணம் என்ஜினை நிறுத்தினார். சாவியை உருவி முன்கண்ணாடிக்குக் கீழே, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி 'டக்' என்று வைத்தார்.

"பையைக் கிண்டிக் கார்டையாவது எடுத்து வையுங்கோ. கெதியா!"

"கேக்கட்டும், தாறன். கேக்காமல் ஒரு விரலையும் அசைக்க மாட்டன்."

இரண்டு கைகளையும் தூக்கி ஸ்டியரிங்கின் மேல் வைத்தார். முப்பத்திரண்டு வருடமாக அவள் மீன் என்றால் இறைச்சி வாங்கி வருகிற மனிதர், இன்றைக்கு மட்டும் கேட்டுவிடுவாரா என்ன?

"சரி, உங்களைக் கும்பிட்டன். துவக்கைப் பற்றி மட்டும் மூச்சு விடாதேங்கோ."

"ஏன், களவெடுத்ததோ? வாயைத் திறந்தா முதல் கதையே அதுதான். நீர் சும்மா இரும்."

ஜன்னலருகே ஓர் இளம் பொலிஸ்காரி வந்து குனிந்தாள். அவள் காலை வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், சண்டைக்கு அழைக்கிற குரலில் ஜெயரட்ணம் ஆங்கிலத்தில் வெடித்தார்.

"டிக்கியில் துவக்கு இருக்கிறது. லைசென்ஸ் இருக்கிறது. துவக்கின் போல்ட்டைக் கழற்றித் தனியாக வைத்திருக்கிறேன். ரவைகள் வேறு பெட்டியில், பூட்டி. என் கைகள் இதோ, இங்கே. நீங்கள் சொல்லாமல் இவை அசையாது!"

பொலிஸ்காரி அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு கைகளைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ," சற்குணம் அவருடைய முழங்கையை இடித்தாள். "முறைக்கிறா. ஓடிப்போய் டிக்கியைத் திறந்து துவக்கை வெளியில எடுத்துக் காட்டுங்கோ."

"நான் அதைத் தொட மாட்டேன்!" அவர் பொலிஸ்காரியிடமே சொன்னார். "சாவி அதோ. பார்க்கவேண்டுமென்றால் நீங்களே திறந்து பாருங்கள்."

"தயவுசெய்து இறங்கி, அந்தப் புல்லில் நிற்கிறீர்களா?" என்றாள் அவள்.

தயவுசெய்து என்ற சொல் இருந்தபடியால் அவர் இறங்கினார். கை கட்டவில்லை, தலை குனியவில்லை. பொலிஸ்காரி டிக்கியைத் திறந்தாள். உறையைப் பார்த்தாள், போல்ட் இல்லாத துவக்கைப் பார்த்தாள், பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். லைசென்ஸைக் கேட்டு வாங்கித் தன்னுடைய காருக்குப் போனாள். இரண்டு நிமிடம். ஜெயரட்ணத்துக்கு அது இரண்டு வருடம். வேர்த்தது. ஆனால், துடைக்கக் கை போகவில்லை.

திரும்பி வந்து லைசென்ஸை நீட்டினாள்.

"உங்கள் இடது பக்கப் பிரேக் விளக்கு எரியவில்லை. அதைச் சொல்லத்தான் மறித்தேன். துவக்கோடு வருகிற எல்லாரும் உங்களைப்போல நடந்தால் எங்களுக்குப் பாதித் தலையிடி இல்லை. மிகவும் நன்றி, சேர்."

பூட்டாத கதவைத் தோளால் இடித்தவர் போல ஜெயரட்ணம் தடுமாறிப் போனார். சண்டைக்குச் சேர்த்து வைத்திருந்த ஆங்கிலமெல்லாம் வீணாய்ப் போனது. பொலிஸ் கார் வளைந்து மறைந்தது.

மறைந்ததும் நெஞ்சு மெல்ல நிமிர்ந்தது. டிக்கியை அறைந்து சாத்தினார். "பாத்தீரோ? உம்மட கதையைக் கேட்டிருந்தா இண்டைக்கு விலங்கோடதான் போயிருப்பன்!" என்று சொல்வதற்காகக் காரைச் சுற்றி அவளுடைய பக்கம் வந்தார்.

சற்குணம் மகளோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் சிவானி, விட்டிட்டினம். பொலிஸ் மறிச்சா என்ன செய்யவேணுமெண்டு நீ எழுதி அனுப்பின அஞ்சையும் நான் அப்படியே தலைகீழாத்தான் சொன்னனான். அப்பா ஒண்டிலயும் பிழை விடேல்லை."