மணியம் வீட்டுப் பெண்

“லயத்துப் பெட்டை எங்கட வீட்டுக்கு மருமகளா வரேலாது. அதைச் சொல்லத்தான் வந்தனாங்கள்.”

செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னார் கனகாம்பிகை. பின்னால் அவர் கணவர் ஜெயரட்ணம், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மலாக்காவிலிருந்து லூபோக் சீனா என்ற ஊர் வரை பளபளவென்று வந்த கார், தோட்டத்துச் செம்மண்ணில் நிறம் மாறி நின்றது.

“உள்ள வந்து சொல்லுங்க ஆன்ட்டி,” என்றாள் நிர்மலாதேவி. “பக்கத்து வீட்டு இந்தோனேசியாக்காரங்களுக்குத் தமிழ் புரியாது. ஆனா உங்க மூஞ்சி புரியும் லா.”

கனகாம்பிகை பக்கத்து வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். இருவரும் உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் நுனியில் உட்கார்ந்தார்கள்.

“உம்மட அப்பா மணியம், வேற ஆக்கள், ஒருத்தரும் வீட்டில இல்லையோ?”

“எல்லாரும் வெளிய போயிருக்காங்க. நான் மட்டும்தான்.”

“எங்கட சஞ்சீவ் இங்க செம்பனை மில்லுக்கு இன்ஜினியரா வந்தவன். நேற்று ராத்திரி, ‘கட்டினால் மணியம் வீட்டுப் பெண்ணைத்தான் கட்டுவன்’ எண்டு சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்திட்டான். காலையில வேலைக்கெண்டு போயிட்டான். அவன் இல்லாத நேரமாப் பார்த்துத்தான் வந்தனாங்கள். அவனை விட்டிடும்.”

“நான் அவரைப் பிடிச்சு வைக்கலையே ஆன்ட்டி.”

ஜெயரட்ணத்தின் கண் சுவரில் மாட்டியிருந்த பட்டமளிப்புப் படத்தில் நின்றது. படத்துக்கும் அவளுக்குமாக இரண்டு முறை பார்த்தார்.

“நீர் பட்டதாரியோ? என்ன பாடம்?”

“இங்கிலீஷ், அங்கிள். மாஸ்டர்ஸும் முடிச்சிட்டேன். இந்த லயத்துலருந்து யுனிவர்சிட்டிக்குப் போன மொத ஆளு.”

“எதில ஆராய்ச்சி?”

“ஒரே ஒரு சொல்லு. லைன்.”

அவர் சிரித்துவிட்டார். “கோடு. அதில ஆராய என்ன இருக்கு?”

“ஆன்ட்டி இப்ப என்னைத் திட்டினாங்களே, லயத்துப் பெட்டைன்னு. அதுவும் லைன்தான். ரப்பர் பால்மரம் வெட்டக் கொண்டுவந்த ஆளுங்கள வரிசையாக் கட்டின அறைகள்ல போட்டு, அதுக்கு ‘லைன்ஸ்’னு பேரு வச்சான் வெள்ளைக்காரன். நம்ம வாயில அது லயமாயிருச்சு.”

“அதுக்கு முன்னம்?” ஜெயரட்ணத்துக்குள் இருந்த வாத்தியார் எழுந்து உட்கார்ந்தார்.

“லத்தீன்ல அது நூலு. ஆளிச்செடி நார்ல திரிச்ச நூலு. லினன் துணியும் அதே செடிதான். சட்டைக்கு உள்பக்கம் வச்சுத் தைக்கிறோமே லைனிங், அதுவும் அந்தத் துணியிலருந்து வந்ததுதான். நூலை இழுத்துப் பிடிச்சா நேராக் கோடு கிடைக்கும். அப்புறம் தூண்டில் கயிறு, டெலிபோன் கம்பி, ரயில் பாதை, நாடகத்துல பேசுற வசனம், கவிதையில ஒரு அடி. எல்லாம் அந்த ஒரு நூலு இழுத்த இழுப்பு.”

“எங்கட மகனுக்கு நீர் அடிச்சதும் லைன்தானே,” என்றார் கனகாம்பிகை.

“அது நம்ம ஆளுங்க கண்டுபிடிச்ச அர்த்தம் ஆன்ட்டி. டிக்ஷனரியில தேடிப் பாத்துட்டேன், இல்ல.”

ஜெயரட்ணம் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். மனைவி முறைத்ததும் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“இருங்க அங்கிள், முக்கியமான அர்த்தம் ஒண்ணு பாக்கி இருக்கு.” நிர்மலாதேவி பிளாஸ்க்கிலிருந்து தேநீரை ஊற்றி இருவருக்கும் கொடுத்தாள். “வம்சம். அப்பன், பாட்டன்னு இழுத்துக் காட்டுறது. உங்க தாத்தா இந்த நாட்டுல என்ன வேலை பாத்தாரு?”

“எஸ்டேட்டில கிராணி, ஆக்களின்ர பேர்க் கணக்கு எழுதுறவர்,” என்றபடி உட்கார்ந்தார் அவர். குரலில் பெருமை இருந்தது.

“அவரு பேரு எழுதினாரு, எங்க பாட்டன் பால் வெட்டினாரு. ரெண்டு பேரையும் கப்பல்ல கொண்டுவந்து ஒருத்தருக்கு பங்களா பக்கத்துல வீடு, ஒருத்தருக்கு லயம்னு பிரிச்சவன் எப்பவோ ஊருக்குப் போய்ச் சேந்துட்டான். நீங்க மட்டும் இன்னும் அவனுக்குக் காவல் காக்கிறீங்க.”

கனகாம்பிகையின் கையில் இருந்த தேநீர் சேலையில் சிந்தியது. இத்தனை வருடத்தில் அவர் முகத்துக்கு நேரே யாரும் இப்படிப் பேசியதில்லை. கணவர் கோபப்படுவார் என்று திரும்பிப் பார்த்தார். ஜெயரட்ணம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“கனகா, எங்கட ஆக்களுக்குள்ள இப்பிடி ஒரு பிள்ளையைக் காட்டும் பார்ப்பம். படிப்பு இருந்தால் போதும். லயமாவது ஒண்டாவது.”

கனகாம்பிகை சேலையைத் துடைத்துக்கொண்டார். பிறகு பட்டமளிப்புப் படத்தைப் பார்த்தார்.

“வாய் கொஞ்சம் கூடத்தான்,” என்றார். “ஆனாலும் மாஸ்டர்ஸ் எண்டு நாலு பேருக்குச் சொல்லலாம். சரி, எனக்கும் சம்மதம். மணியம் வீட்டுப் பெண்ணே வரட்டும்.”

“அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே ஆன்ட்டி?”

“என்ன பிள்ளை நீர்,” என்றார் ஜெயரட்ணம். “நாங்கள் சொன்னால் சொன்னதுதான்.”

நிர்மலாதேவியின் கைப்பேசி அதிர்ந்தது. செய்தியைப் படித்தாள். அவர்கள் வந்ததிலிருந்து உட்காராமலே இருந்தவள், முதல்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“ரெஜிஸ்டர் கல்யாணம் போன மாசமே முடிஞ்சிருச்சு அங்கிள், இப்ப கோவில்ல தாலியும் ஏறிருச்சாம். நீங்க எப்படியும் இங்க வருவீங்க, முகூர்த்தம் முடியிற வரைக்கும் எதையாவது பேசி உக்கார வைன்னு உங்க மகன்தான் சொன்னாரு. பொண்ணு நான் இல்ல, எங்கக்கா பவானேஸ்வரி. ஆறாம் வகுப்போட நின்னு, செம்பனைக் காட்டுல உதிரிப்பழம் பொறுக்கித்தான் என்னை அந்தப் படத்துல நிக்க வச்சா.”