ஐந்தாம் மாடிக் காற்று

"அஞ்சு வீடு விறைச்சுக் கிடக்குது. கதவைத் திறக்கிறாரா பாரு, திமிரு பிடிச்ச மனுஷன்!"

ஐந்தாம் மாடிக் கதவை ஓங்கித் தட்டினாள் லாரிசா. இரண்டாம் மாடிக்காரி, அந்தப் படிக்கட்டு வீடுகளுக்கெல்லாம் அவள்தான் தலைவி. ஞாயிற்றுக்கிழமை மறுபடி தேர்தல்.

பெர்ம் நகரத்தில் குளிர்காலத்துக்காக வீடுகளைச் சூடாக்கும் வெந்நீரைத் திறந்துவிட்டு மூன்று நாளாகிவிட்டது. ஒன்றின்மேல் ஒன்றாக உள்ள இந்த ஐந்து வீட்டு வரிசையில் மட்டும், சூடு தரவேண்டிய ரேடியேட்டர் எல்லாம் ஐஸ்கட்டி.

"வெந்நீர் ஒரே குழாயில மேலே ஏறி, வீடு வீடா இறங்கும் அக்கா," என்றான் பிளம்பர் ரினாத். "குழாய்ல காத்து இருந்தா உச்சியில, இவர் வீட்டுலதான் போய் அடைக்கும். ரேடியேட்டர் திருகைத் தளர்த்திக் காத்தை வெளியே விட்டா வேலை முடிஞ்சுது."

"காலையிலேருந்து பைப்பைத் தட்டித் தட்டிக் கூப்பிடறேன். அக்கார்டியன் வாசிக்கிறதை நிறுத்திட்டுக் கம்முனு இருக்காரே தவிர, எட்டிப் பார்க்கலை!"

கதவு திறந்தது. கிழவர் மத்வேய் தலையை நீட்டினார்.

"அதான் நிறுத்திட்டேனேம்மா! நான் வாசிச்சாலே நீ கரண்டியால பைப்பைத் தட்டுவே. இன்னைக்கும் அதுக்குத்தான்னு நெனச்சேன்."

ரினாத் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனான். திருகைத் தளர்த்தினான். காற்றே இல்லை; தண்ணீர்தான் சொட்டியது.

"இங்கே கோளாறு இல்லை. கீழே யாரோ குழாயை மூடி வச்சிருக்காங்க. ஒரு வீட்டுல மூடினாலும் மொத்த வரிசையும் நின்னுடும்."

"யாருன்னு கண்டுபிடி! ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பேரைச் சொல்லி நாறடிக்கிறேன்!"

நான்காம் மாடியில் குழாய் திறந்திருந்தது. மூன்றாம் மாடி நீனா வீட்டிலும் அப்படியே. மத்வேயும் வேடிக்கை பார்க்கக் கூடவே இறங்கினார்.

இரண்டாம் மாடி. லாரிசாவின் புத்தம்புது ஜன்னல் திரையை ரினாத் விலக்கினான். குழாயின் கைப்பிடி குறுக்கே திரும்பியிருந்தது.

லாரிசாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஜூன் மாதம் பெயின்ட் அடிக்க ரேடியேட்டரைக் கழற்றியபோது அவளே மூடியது!

ரினாத் கைப்பிடியைத் திருப்பினான். குழாய் களகளவென்றது.

"தண்ணி ஓடுதே! யாரு வீட்டுலப்பா மூடியிருந்துச்சு?" படிக்கட்டிலிருந்து நீனா கத்தினாள்.

ரினாத் லாரிசாவைப் பார்த்தான். லாரிசா தரையைப் பார்த்தாள்.

"என் வீட்டுலதாம்மா!" மத்வேய் குரல் கொடுத்தார். "மூடிட்டு மறந்துபோச்சு. வயசாச்சு இல்லையா, மன்னிச்சுக்குங்க!"

"மறந்துபோச்சா? அக்கார்டியன் மட்டும் மறக்காது! இருங்க, கூட்டத்துல வச்சுக்கறேன்!" என்றாள் நீனா.

ஞாயிற்றுக்கிழமை லாரிசாவே மறுபடி தலைவியானாள். உடனே நீனா எழுந்தாள்.

"இவர் இனிமே அக்கார்டியனைத் தொடக்கூடாதுன்னு தீர்மானம் போடணும். நம்மளைக் குளிர்ல சாகடிச்சவர்! லாரிசா, நீயே தெனமும் தட்டித் தட்டி அலுத்துப்போனவதானே? சொல்லு!"

எல்லோரும் தலைவியைப் பார்த்தார்கள். மத்வேய் மட்டும் தன் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

லாரிசா கரண்டியால் மேசையை ஓங்கித் தட்டினாள்.

"அதென்ன பேச்சு? நான் தட்டினது தாளம்! சங்கீதம் தெரியாதவங்க காதைப் பொத்திக்குங்க!"